வாழ்க்கையின் காலங்கள் மாறும்போது கர்த்தர் நம்மை எப்படி உருவாக்குகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போதும், வீட்டு ஜெபக்கூட்டத்திலும், ஆஸ்பத்திரி வராண்டாவிலும் விசுவாசிகள் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்து எழுதியிருக்கிறேன். வேலை போனவர், கல்யாணத்துக்குக் காத்திருப்பவர், கைக்குழந்தையோடு தூக்கம் கெட்ட தாய், துணையை இழந்த பெரியவர் என்று கேட்கிறவர்கள் வேறு வேறு. உள்ளே இருக்கிற கேள்வி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: "இந்த நாட்களில் கர்த்தர் எனக்குள் ஏதாவது செய்கிறாரா, இல்லை என்னை மறந்துவிட்டாரா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த நல்ல காலம் வரட்டும் என்று கர்த்தர் தம் வேலையை நிறுத்தி வைப்பதில்லை. இப்போது நீங்கள் இருக்கிற இந்த நாட்களுக்குள்ளேயே அவர் வேலை செய்கிறார். வேதம் அப்படித்தான் காட்டுகிறது, நான் நம்புவதும் அதுதான். வசனங்களை நம் சபைகளில் வழக்கமாக வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தந்திருக்கிறேன்.

விசுவாசியின் வாழ்க்கை இப்படி ஏறி இறங்குவது இயல்புதானா?

இயல்புதான். பிரசங்கி 3ஆம் அதிகாரம் 2 முதல் 8 வரை 14 ஜோடிகள், மொத்தம் 28 காலங்கள் வருகின்றன. நட, பிடுங்க, அழ, நகைக்க, தேட, இழக்க, மவுனமாயிருக்க, பேச. இவற்றில் பாதி நாம் கேட்டு ஜெபிக்கிறவை, மீதி நமக்கு வரவே கூடாது என்று ஜெபிக்கிறவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்" என்கிறது 11ஆம் வசனம். தேவன் ஆதிமுதல் அந்தம்வரை செய்கிறதை மனுஷன் கண்டுபிடிக்க முடியாது என்றும் அதே வசனம் சொல்கிறது. முழுப் படமும் நமக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று குற்ற உணர்வும் வேண்டாம்.

"உருவாக்குகிறார்" என்கிறோம். எதைப்போல உருவாக்குகிறார்?

ரோமர் 8:28 நம் வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கிற வசனம். "தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." அடுத்த வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அந்த நன்மை என்ன என்பதைச் சொல்வதே 29ஆம் வசனம்தான்: தம்முடைய குமாரனின் சாயலுக்கு நாம் ஒப்பாயிருப்பது.

இது தெரிந்தால் எதிர்பார்ப்பே மாறிவிடும். போன வேலையைவிடப் பெரிய வேலை வரும், கைவிட்டுப் போன வரனைவிட நல்ல வரன் அமையும் என்று அந்த வசனத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தால், வராதபோது விசுவாசமே ஆட்டம் கண்டுவிடும். வரவும் செய்யலாம், கர்த்தர் தாராளமாய்க் கொடுக்கிறவர். ஆனால் அவர் வாக்குக்கொடுத்த நன்மை, நாம் இயேசுவைப்போல ஆவது. அவருடைய பொறுமை, அவருடைய இரக்கம், பிதாவின் சித்தத்துக்குத் தலைவணங்குகிற அவருடைய மனது. "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார்" என்று எபிரெயர் 5:8 சொல்கிறது. குமாரனே அந்த வழியாகப் போயிருக்கிறார்.

காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது. இதில் என்ன உருவாகிறது?

இதற்கு யோசேப்பின் கதையை மெதுவாக வாசிக்க வேண்டும். குழியிலிருந்து அரண்மனைக்கு ஒரே தாவாகத் தாவுகிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருப்போம். நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

17 வயதில் அவனுக்குச் சொப்பனங்கள் வருகின்றன (ஆதியாகமம் 37). அரிக்கட்டுகள் தன் அரிக்கட்டை வணங்கின என்று சகோதரரிடம் போய்ச் சொல்கிறான். அவர்கள் முகம் எப்படி மாறியது என்று அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே வெறுக்கிறவர்கள், கேட்டதும் இன்னும் அதிகமாய் வெறுத்தார்கள். இவனோ அடுத்த சொப்பனத்தையும் கொண்டுபோய்ச் சொல்கிறான்.

சகோதரர் அவனை விற்றுவிட, எகிப்துக்கு அடிமையாகப் போகிறான். பதினோரு வருஷம் கழித்து, அங்கே சிறைச்சாலையில் ஒரு காலை. பார்வோனுடைய பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் (அப்பம் சுடுகிறவனும்) அங்கே காவலில் இருக்கிறார்கள். யோசேப்பு உள்ளே வந்து அவர்களைப் பார்த்து, "உங்கள் முகங்கள் இன்று துக்கமாயிருக்கிறது என்ன" என்று கேட்கிறான் (40:7). அவனும் கைதிதான். செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்து விசாரிக்க யாருமில்லை. அப்படிப்பட்டவன் இன்னொருவன் முகத்தில் நேற்று இல்லாத துக்கம் இன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். வீட்டில் செல்லப்பிள்ளையாக இருந்தபோது இல்லாத கண் இது. எகிப்து தேசம் முழுவதன் பசியையும் சுமக்கப்போகிறவனுக்கு இந்தக் கண் வேண்டியிருந்தது. பார்வோனுக்கு முன்பாக அவன் நிற்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அது அவனுக்குள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோகிறான். இரண்டு வருஷம் முழுசாகப் போகிறது. 30 வயதில்தான் கதவு திறக்கிறது. அந்த இரண்டு வருஷம் எதற்கு என்று வேதம் காரணம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

காத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. "இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லியே பாதி பலம் போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு விளக்கம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

புத்தாண்டு ஆராதனையில் அருமையான வாக்குத்தத்த வசனம் கிடைத்தது. ஆனால் வருஷம் மோசமாகப் போயிற்று. வசனம் பொய்யா?

வசனம் பொய்யல்ல. அதை நாம் வாசிக்கிற விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டிசம்பர் 31 இரவு கிடைக்கிற அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதை முதலில் பெற்றவர்கள் யார்? கி.மு. 597ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன மக்கள். வீடும் ஆலயமும் ஊரும் விட்டுப்போனவர்கள்.

அந்த நாட்களில் எருசலேமில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தான். "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று அவன் சொன்னான் (28ஆம் அதிகாரம்). யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியா எழுதின கடிதமோ 70 வருஷம் என்றது. அந்தக் கடிதத்தைக் கேட்டபோது முப்பது வயதாக இருந்தவர், தான் ஊர் திரும்பப்போவதில்லை என்று அப்போதே புரிந்துகொண்டிருப்பார். அவரிடம் கர்த்தர் சொன்னது: "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பெண் கொடுங்கள், பெண் எடுங்கள், பிள்ளை பெறுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள். இத்தனையும் சொன்ன பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது.

அதனால் அந்த வசனத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கொஞ்சம் பெரிதாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். விருப்பமில்லாத ஊருக்கு மாற்றல் ஆனவர்கள், படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருப்பவர்கள், வெளிநாட்டில் ஒப்பந்தம் முடியும்வரை நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடிதம் முழுவதையும் வாசியுங்கள். வாடகை வீட்டு வாசலிலும் ஒரு செடி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊருக்காக ஜெபியுங்கள். "இது தற்காலிகம்தானே" என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷத்தைக் கழித்துவிடுகிற ஆபத்து நமக்கெல்லாம் உண்டு.

நான் இருப்பது கர்த்தர் நடத்திய வனாந்தரமா, என் தவறால் வந்ததா? எப்படித் தெரியும்?

வேதத்தில் வனாந்தரத்துக்குப் போனவர்களைப் பாருங்கள். இயேசுவை ஆவியானவர் கொண்டுபோனார். மோசே ஒரு எகிப்தியனைக் கொன்றுவிட்டு ஓடினான். எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து போனான். இஸ்ரவேலர் அவிசுவாசத்தினால் நாற்பது வருஷம் அலைந்தார்கள். போன காரணம் நான்கும் நான்கு விதம். நான்கு இடத்திலும் தேவன் கைவிடவில்லை. தண்டனையாக நடந்த அந்த நாற்பது வருஷத்தைப் பற்றியே மோசே என்ன சொல்கிறார்? "உன்மேலிருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை" (உபாகமம் 8:4).

தெரிந்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் போய்ச் சரிசெய்யுங்கள். அதற்கு மேல் மனதைத் தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். "உங்கள் வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் விடுதலை" என்று சொல்லி வீட்டுக்கு வீடு வருகிறவர்களிடம் கவனமாயிருங்கள்.

கர்த்தருக்காக எடுத்த திட்டமே மாறிப்போனால்?

இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் எமி கார்மைக்கேல். நம் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து மறைந்தவர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் காலங்கள் மாறினது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

1867ல் அயர்லாந்தின் வடக்கே பிறந்தவர். சீனாவுக்குப் போக ஆசைப்பட்டார். உடல்நிலை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1893ல் ஜப்பான் போனார். அங்கேயும் உடம்பு கெட்டது. இடையில் கொஞ்ச காலம் இலங்கை. 1895ல் பெங்களூரு வந்து, பிறகு தெற்கே வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரியிடம் தமிழ் படித்தார். பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். பொன்னம்மாள் என்ற இளம் விதவை அந்தக் குழுவில் ஒருவர். இதுதான் என் அழைப்பு என்று நம்பி, முழு மூச்சாக இறங்கின வேலை.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோவில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்துசேர்ந்தாள். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பிள்ளை. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எமி அம்மாவால் பழையபடி இருக்க முடியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு கைக்குழந்தைகள். அவர் குடியேறியிருந்த தோனாவூரில் வீடு நிறைந்தது. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு வண்டி கட்டி ஊர் ஊராகப் போக முடியுமா? பால் காய்ச்ச வேண்டும், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், துணி அலச வேண்டும்.

இத்தனை ஆத்தும ஆதாய வேலையை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்கே இருந்தது. யோவான் 13ல் ஆண்டவர் சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினாரே, அந்தக் காட்சிதான் அவருக்குப் பதிலாக அமைந்தது. 1918ல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் திட்ட மாற்றத்தால் உயிர் பிழைத்த, வாழ்க்கை பெற்ற பிள்ளைகள் ஏராளம்.

உங்கள் ஊழியத் திட்டமும் இப்படி மாறியிருக்கலாம். படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு பள்ளி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். அது ஊழியத்திலிருந்து விலகினது என்று அவர்களிடம் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

நோய் வந்து படுத்துவிட்டால், அதோடு பயன்படுவது முடிந்ததா?

எமி அம்மாவின் கதை இன்னும் இருக்கிறது. 1931 அக்டோபர் 24. களக்காட்டில் ஒரு மருந்தகம் தொடங்க வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது மங்கிவிட்டது. கழிப்பறைக்கென்று புதிதாகத் தோண்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. அப்போது அவருக்கு 63 வயது. சில மாதங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் முழுதாக எழவே இல்லை. 1951 ஜனவரி 18ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு அறைக்குள்தான்.

அந்த அறையிலிருந்து நிறையப் புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். வலியோடு இருக்கிறவர்களுக்கு அவர் எழுதினதை இன்றைக்கும் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். ஓடியாடுகிறவர் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு அந்தக் கனம் இருந்திருக்காது. அவர் கல்லறையில் பிள்ளைகள் வைத்தது, பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல்தொட்டி. அதில் பொறித்திருப்பது "அம்மா" என்ற ஒரே சொல்.

ஆனால் இதை வாசித்துவிட்டு, "அவரைப்போல நான் ஒன்றும் எழுதவில்லையே" என்று படுக்கையில் இருக்கிறவர் யாரும் வருந்த வேண்டாம். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அதை நீக்கும்படி மூன்றுதரம் கேட்டார். கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." பலன் காட்டினால்தான் அந்தக் கிருபை என்று அங்கே ஒரு நிபந்தனையும் இல்லை. சுகத்துக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள், மருந்தையும் விடாதீர்கள். ஒன்றுமே செய்ய முடியாத நாளிலும் நீங்கள் தேவனுடைய பிள்ளைதான்.

மனச்சோர்வாக இருக்கிறது. இது விசுவாசக் குறைவா?

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டவன், சீக்கிரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் எழுப்பினபோது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான், ஓரேப் மலையில்.

தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். தேவையானால் மனநல மருத்துவர். மாத்திரை எடுப்பதை யாரும் அவிசுவாசம் என்று சொல்ல விடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அதே சபையார்தானே நாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், மருத்துவரிடம் போங்கள். இராத்திரி முழுக்கத் தனியாக இருக்காதீர்கள்.

எனக்கு ஒருவர் கொடுமை செய்கிறார். அதையும் சகித்துக்கொண்டு உருவாக வேண்டுமா?

வேண்டாம். இந்த விஷயத்தில் நம் சபைகள் பல பெண்களுக்குத் தப்பான ஆலோசனை கொடுத்திருக்கின்றன என்று வருத்தத்தோடு சொல்கிறேன். அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போகச் சொல்லி, "கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார்" என்பது வேதத்தின் ஆலோசனை அல்ல.

சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோடு நின்றுகொண்டிருக்கவில்லை. விலகினான், அந்த இராத்திரியே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19). கர்த்தர் அவனை உருவாக்கினார், உண்மைதான். ஈட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்து உருவாக்கவில்லை. யோசேப்பும் சகோதரரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்றே சொன்னான். தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது அடுத்த வரி. அடுத்த வரிக்காக முதல் வரியை அழிக்கக் கூடாது.

பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தேவையானால் காவல் நிலையத்துக்கும் போங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

துக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன சொல்ல?

அதிகம் சொல்ல வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றுதான்: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகு கெடுத்தார்கள். "கர்த்தர் ஏதோ ஒரு நோக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார்" என்று அடக்க ஆராதனை முடிவதற்குள் சொல்கிறவர்களின் எண்ணம் நல்லதுதான். கேட்கிற தாய்க்கு அது எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும். சாப்பாடு கொண்டுபோங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மூன்றாம் மாதமும் போங்கள். அப்போதுதான் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நல்ல காலத்திலும் கர்த்தர் உருவாக்குகிறாரா?

ஆம், ஆனால் அங்கே நமக்குத்தான் காது கேட்பதில்லை. என் பார்வையில் கஷ்டத்தைவிட ஆபத்தான காலம் இது.

தாவீதையே எடுத்துக்கொள்ளுங்கள். குகையில் ஒளிந்திருந்த நாட்களில், கையில் கிடைத்த சவுலைக் கொல்லாமல் சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. ஒரு துண்டுத் துணிக்கு! அதே மனுஷன் ராஜாவாகி, எல்லாரையும் யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு எருசலேமில் இருந்த ஒரு சாயங்காலம், உப்பரிகைமேல் உலாவினான். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டான், அவள் புருஷனையும் கொல்வித்தான். இந்தத் தடவை மனது தானாக அடித்துக்கொள்ளவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு ஆட்டுக்குட்டியின் கதை சொல்ல வேண்டியிருந்தது.

வீடு கட்டி முடித்தவர்கள், பிள்ளைகள் நல்ல வேலையில் அமர்ந்தவர்கள் உபாகமம் 8:12-14ஐ வாசியுங்கள். நன்றி சொல்வதும் கொடுப்பதும் அந்தக் காலத்துக்கான பயிற்சி.

சின்னப் பிள்ளைகள் வீட்டில். வேதம் வாசிக்கவே நேரமில்லை. நான் பின்வாங்கிவிட்டேனா?

இல்லை, தங்கச்சி. ஏசாயா 40:11, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்கிறது. மேய்ப்பனே நடையைக் குறைத்துக்கொள்கிறார். பால் கொடுக்கும்போது ஒரு சங்கீதத்தின் ஒரே வரி போதும். மூன்று மணி நேர உபவாச ஜெபத்துக்கு வரவில்லையே என்று யாராவது கேட்டால், அவர்களையே ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சபை செய்ய வேண்டிய வேலைதான் அது.

வயதான பிறகும் உருவாக்குதல் உண்டா?

உண்டு. முதியோர் ஞாயிறு வந்தால் காலேபைத்தான் பிரசங்கிப்பார்கள்: 85 வயதில் மலைநாட்டைக் கேட்டு வாங்கினவன். நல்லதுதான். ஆனால் எல்லாருக்கும் 85ல் மலையேற முடியாது. அவர்களுக்கு நான் பர்சிலாவைக் காட்டுவேன் (2 சாமுவேல் 19). 80 வயது. தாவீது மகனுக்குப் பயந்து ஓடினபோது சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். ராஜா திரும்பிப் போகும்போது, "என்னோடு எருசலேமுக்கு வா, உன்னைப் பராமரிப்பேன்" என்று அழைத்தான். பர்சிலா, "சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டும் காதில் சரியாக விழவில்லை, நான் ஏன் உமக்குப் பாரமாக வர வேண்டும்? என் ஊரில், என் தாய் தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் சாக விடும்" என்கிற பொருளில் பதில் சொல்லி, தனக்குப் பதிலாக இளைஞனான கிம்காமை அனுப்பிவைக்கிறார். தன் பலம் குறைந்ததை மறைக்கவும் இல்லை, அதற்காகப் புலம்பவும் இல்லை. வந்த வாய்ப்பைச் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டார். ஊழியத்திலும் கமிட்டியிலும் நாற்காலியை விட மனமில்லாத நம் பெரியவர்கள் இவரைக் கொஞ்சம் நினைக்கலாம்.

பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் நான் மட்டும் என்று இருக்கிற அப்பா அம்மாக்களே, "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமல் இரும்" என்பது சங்கீதம் 71ல் இருக்கிற ஜெபம். அதை அப்படியே ஜெபிக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நானே கெடுத்துக்கொண்ட வருஷங்களை என்ன செய்வது?

எரேமியா 18ல் குயவன் வனைந்துகொண்டிருந்த பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போயிற்று. அவன் அந்த மண்ணை வீசவில்லை. அதே மண்ணை "திரும்ப வேறே பாண்டமாக வனைந்தான்." குடியில் போன வருஷங்கள், கோபத்தில் உடைந்த உறவுகள் இவற்றின் விளைவுகள் சில நம்மோடு கடைசிவரை இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மண் அவர் கையில்தான் இருக்கிறது. மூன்றுதரம் மறுதலித்த பேதுருவிடம்தான் ஆண்டவர் மூன்றுதரம் கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தார்.

உருவாகிறேனா என்று எனக்கே தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு முதலில் தெரியும். முன்பு கத்துகிற இடத்தில் இப்போது கத்தவில்லை என்பதை உங்கள் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

வேதத்தில் எங்கே வாசிக்கத் தொடங்கலாம்?

ரூத்தின் புத்தகத்தில் தொடங்குங்கள். நாலே அதிகாரம், ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். "நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்று, புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்த மாமியார் நகோமி ஊர்ப் பெண்களிடம் சொல்லும்போது மருமகள் ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள், அது வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற சமயம். நகோமி அப்படிப் பேசினதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் ஆதியாகமம் 37 முதல் 50 வரை, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். தாவீது குகையில் இருந்தபோது ஜெபித்த சங்கீதங்கள் 57, 142. இப்போதுதான் ஒருவரை இழந்திருக்கிறவர்கள் இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் சங்கீதம் 88ஐ மட்டும் எடுத்து, சத்தமாக வாசிக்கட்டும். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.